முப்பதாயிரம் ரூபாய் ஹெட்போன் தேவைதானா?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கிய நண்பர்கள் முதல் மாதம் என்னிடம் ஆன்டி வைரஸ் பற்றிக் கேட்கிறார்கள். இரண்டாவது மாதம் பிரிண்டர் பற்றி. மூன்றாவது மாதம் கட்டாயம் ஹெட்போன் பற்றிக் கேட்டுவிடுகிறார்கள். "பாட்டு கேட்கணும், படம் பார்க்கணும். உள்ளதிலேயே நல்லதா ஒண்ணு சொல்லு. கொஞ்சம் கூட ஆனாலும் பரவாயில்லை" என்கிறார்கள். சாப்ட்வேர் இன்ஜினியர் என்றால் இதெல்லாம் பிறவியிலேயே தெரிந்திருக்கும் என்று ஒரு நம்பிக்கை! உண்மையில் முப்பதாயிரம் ரூபாய்க்கு மேல் செலவழித்து, ஓராண்டுக்கும் மேல் கேட்ட பிறகுதான் எனக்கு இந்த விஷயத்தில் ஏதோ கொஞ்சம் புரிந்தது. புரிந்ததில் பாதி ஹெட்போனைப் பற்றியது. மீதிப் பாதி காதைப் பற்றியது. இரண்டையும் சேர்த்துச் சொல்வதுதான் நியாயம் என்பதால் இந்தக் கட்டுரை.

என் ஊர் குலசேகரன்பட்டினம். தசராவுக்கும், 2024 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டப்பட்ட ராக்கெட் ஏவுதளத்துக்கும் உங்களுக்குத் தெரிந்திருக்கும். வேலை சென்னையில் என்றாலும் மாதத்தில் பாதி நாட்கள் வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறேன். அப்பா மைக் செட் வைத்திருந்தவர். கல்யாண வீடு, கோயில் கொடை, சடங்கு வீடு, கட்சிக் கூட்டம் என்று சுற்றுவட்டாரத்தில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் குழாய் ஸ்பீக்கர் கட்டியவர். எங்கள் வீட்டில் பாட்டு என்பது பொழுதுபோக்கு மட்டுமல்ல, சோறும் அதுதான். அதனால் முதல் பெரிய போனஸ் வந்தபோது நான் பைக் வாங்கவில்லை, ஹெட்போன் வாங்கினேன். விளம்பரமாகிவிடக் கூடாது என்பதால் நான் வாங்கிய மாடலின் பெயரைச் சொல்லவில்லை.

எத்தனை வகை?

கடைக்குப் போகும் முன் இரண்டு சொற்களைத் தெரிந்துகொள்ளுங்கள். காதைச் சுற்றி முழுவதுமாக மூடி உட்காரும் பெரிய ஹெட்போனை ஓவர் இயர் என்பார்கள். அதில் இரண்டு வகை. கிண்ணத்தின் வெளிப்பக்கம் அடைபட்டிருந்தால் குளோஸ்டு பேக். வெளிச்சத்தம் குறைவாக உள்ளே வரும், பாட்டும் வெளியே கேட்காது. வெளிப்பக்கம் வலைபோல் திறந்திருந்தால் ஓபன் பேக். காற்று போய் வருவதால் சத்தம் தலைக்குள் அடைபடாமல், அறையில் ஒலிப்பது போல விரிந்து கேட்கும். ஆனால் வெளிச்சத்தம் அப்படியே உள்ளே வரும். பக்கத்தில் இருப்பவருக்கு உங்கள் பாட்டும் கேட்கும்.

ஹெட்போன் புதிய பொருள் அல்ல. அமெரிக்காவின் நத்தானியேல் பால்ட்வின் 1910-இல் தன் வீட்டுச் சமையலறையில் செய்த ஹெட்போனை அந்நாட்டுக் கடற்படை வாங்கியது. அது செய்தி கேட்பதற்கானது. பாட்டு கேட்பதற்கென்று ஸ்டீரியோ ஹெட்போனை 1958-இல் ஜான் காஸ் கொண்டுவந்தார். ஓபன் பேக் வகையைப் பரவலாக்கியது 1968-இல் வந்த சென்ஹைசர் எச்.டி. 414. அதே நிறுவனம் 1997-இல் கொண்டுவந்த எச்.டி. 600-ஐத்தான் வீட்டில் உட்கார்ந்து பாட்டு கேட்கும் ஆர்வலர்கள் பலர் இன்றும் அளவுகோலாக வைத்து மற்றவற்றை ஒப்பிடுகிறார்கள். கம்ப்யூட்டர் உலகில் இருபத்தைந்து ஆண்டுக்கு முந்தைய பொருள் எதையாவது இப்படி ஒப்பிட முடியுமா? ஹெட்போன், கம்ப்யூட்டர் போல ஆண்டுதோறும் பழையதாகிவிடும் பொருள் அல்ல. வாங்க நினைப்பவர்களுக்கு இது ஒரு நல்ல செய்தி.

முதல் நாள் ஏமாற்றம்

நான் வாங்கியது 300 ஓம் ஓபன் பேக் வகை. பெட்டியைப் பிரித்து லேப்டாப்பில் செருகி, எனக்குப் பிடித்த புதுப் பாட்டைப் போட்டேன். உண்மையைச் சொல்லிவிடுகிறேன், பெரிய ஏமாற்றம். நான் அதுவரை பயன்படுத்திய ஆயிரத்து ஐந்நூறு ரூபாய் ஹெட்போனில் 'தொம் தொம்' என்று அடித்த பேஸ் இதில் அடங்கியிருந்தது. சத்தமும் குறைவு. வால்யூமை முழுதாக ஏற்றினால்தான் திருப்தியாக இருந்தது. முப்பதாயிரத்தைக் கடலில் போட்டுவிட்டோமோ என்று அன்றிரவு தூக்கம் வரவில்லை.

விலை அதிகமான ஹெட்போன் வாங்கிய என் நண்பர்களில் பெரும்பாலோர் இதே அனுபவத்தைச் சொல்கிறார்கள். காரணம் எளிது. மலிவு ஹெட்போன்கள் பலவற்றில் பேஸும் நுனிச்சத்தமும் வேண்டுமென்றே தூக்கி வைக்கப்பட்டிருக்கும். கடையில் அரை நிமிடம் கேட்பவரைக் கவருவதற்காக. ஓட்டல் குருமாவில் மசாலாவை அள்ளிப் போடுவது போல. அதற்குப் பழகிய நாக்குக்கு வீட்டுச் சமையல் சப்பென்றுதான் இருக்கும்.

மூன்று வாரம் கழித்து நிலைமை மாறியது. ஹெட்போனைப் பல மணி நேரம் ஓடவிட்டால் 'பழகி' நன்றாகிவிடும் என்று சிலர் சொல்வார்கள். ஸ்பாஞ்ச் கொஞ்சம் இளகும் என்பது உண்மை. மற்றபடி பழகியது ஹெட்போன் அல்ல, என் மூளை என்றுதான் நினைக்கிறேன். 1986-இல் இளையராஜா வெளியிட்ட ஹவ் டு நேம் இட் இசைத் தொகுப்பைப் போட்டேன். வி.எஸ். நரசிம்மனின் வயலின் ஒரு பக்கம், மற்ற தந்திக் கருவிகள் வேறு இடங்களில் என்று ஒவ்வொன்றும் தனித்தனியே நின்றன. ரோஜா (1992) காலத்துப் பாட்டுகளைக் கேட்டபோது, பல தேசிய விருதுகள் பெற்ற ஒலிப்பதிவாளர் எச். ஸ்ரீதர் போன்றவர்கள் என்ன வேலை பார்த்திருக்கிறார்கள் என்பது காதிலேயே தெரிந்தது. பாடகர் அடுத்த வரிக்கு மூச்சு இழுப்பது கேட்கிறது. மிருதங்கத்தில் விரல் எந்த இடத்தில் விழுகிறது என்பது புரிகிறது.

இன்னொன்றையும் கவனித்தேன். இவ்வளவும் கேட்பதற்கு நான் முன்பு வைத்த அளவு வால்யூம் தேவைப்படவில்லை. பழைய ஹெட்போனில் பேஸ் மற்றவற்றை அமுக்கிவிடுவதால், பாட்டு வரி புரிய வேண்டும் என்று சத்தத்தை ஏற்றிக்கொண்டே போவேன். இதில் குறைத்து வைத்தாலும் எல்லாம் தெளிவாக இருந்தது. இதன் முக்கியத்துவம் எனக்கு அப்போது புரியவில்லை. பிறகு சொல்கிறேன்.

ஃபேனும் கடற்காற்றும்

வெளிநாட்டுப் பத்திரிகைகளில் எழுதுபவர்கள் ஜன்னலைச் சாத்திய அமைதியான அறையில் உட்கார்ந்து கேட்டு எழுதுகிறார்கள். நம் வீடு அப்படியா? எங்கள் வீட்டில் தலைக்கு மேல் ஃபேன் ஓடுகிறது. ஜன்னல் வழியே கடற்காற்று. பக்கத்து வீட்டு டிவி சீரியல். தெருவில் மீன்காரர் பைக் ஹாரன். ஓபன் பேக் ஹெட்போனில் இத்தனையும் பாட்டோடு சேர்ந்து இலவசமாகக் கேட்கும்.

போனில் ஒலியை அளக்கும் ஓர் இலவச ஆப் போட்டுப் பார்த்தேன். துல்லியம் இருக்காது, ஒப்பிட்டுப் பார்க்க உதவும். ஃபேன் ஓடும்போதும் நிறுத்திய பிறகும் நல்ல வித்தியாசம். முப்பதாயிரம் கொடுத்து வாங்கிய நுணுக்கங்களை ஃபேன் தின்றுவிடுகிறது. சரி, ஃபேனை நிறுத்தினால்? சித்திரை, வைகாசி மாதத்தில் எங்கள் ஊரில் காதைச் சுற்றி வெல்வெட் மெத்தையோடு அரை மணி நேரம் உட்கார்ந்து பாருங்கள். வியர்வை வழிந்து காது மெத்தை நனைந்துவிடும். உப்புக் காற்றும் சேர்ந்தால் மெத்தை சீக்கிரம் வீணாகும். அதனால் மெத்தை தனியாக விலைக்குக் கிடைக்கும் மாடலாகப் பார்த்து வாங்குவது நல்லது.

இப்போது நான் அதிகாலை ஐந்து மணிக்குக் கேட்கிறேன். ஃபேன் தேவைப்படாத நேரம், ஊரும் அமைதி. உங்கள் வீட்டில் அப்படி ஓர் அமைதியான நேரமும் இடமும் இல்லையென்றால் ஓபன் பேக் வேண்டாம். அதில் கால்வாசி விலைக்கு நல்ல குளோஸ்டு பேக் வாங்குங்கள். மிச்சப் பணம் வீட்டில் இருக்கட்டும்.

விலை கூடினால் தரம் கூடுமா?

ஓரளவுக்குத்தான். ஜெரோன் ப்ரேபார்ட் என்ற ஆய்வாளர் 283 ஹெட்போன்களின் ஒலி அளவீடுகளை அவற்றின் விலையோடு ஒப்பிட்டு, 2017-இல் அமெரிக்க ஒலியியல் கழகத்தின் இதழில் கட்டுரை எழுதினார். எந்தச் சுருதிக்கு எவ்வளவு சத்தம் வருகிறது என்ற அளவீட்டுக்கும் விலைக்கும் தொடர்பே இல்லை என்பதுதான் முடிவு. அதாவது விலைச் சீட்டைப் பார்த்து ஹெட்போன் எப்படி ஒலிக்கும் என்று சொல்ல முடியாது. ஹார்மன் நிறுவனத்தில் ஷான் ஆலிவ் குழுவினர், எந்த ஹெட்போன் என்று தெரியாதபடி செய்து பலரிடம் கேட்கக் கொடுத்தார்கள். பெரும்பாலோர் ஒரே மாதிரியான, அளவான ஒலியையே விரும்பினார்கள்.

விலை கூடும்போது கூடுவது வேறு சில. உறுதியான உடல், பழுதானால் மாற்ற உதிரிப் பாகம், இரண்டு காதுக்கும் ஒரே அளவாக வரும் ஒலி, நீண்ட நேரம் போட்டாலும் வலிக்காத அமைப்பு. இவையும் காசு கொடுத்து வாங்க வேண்டியவைதான். ஆனால் இரண்டாயிரம் ரூபாய் ஹெட்போனிலிருந்து பத்தாயிரத்துக்குப் போகும்போது கிடைக்கும் முன்னேற்றம், பத்திலிருந்து முப்பதுக்குப் போகும்போது கிடைப்பதில்லை. அதற்கு மேல் போனால் வித்தியாசத்தைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

பைலில் இல்லாதது காதுக்கு வராது

ஆடியோ சிடியில் ஒரு நொடிக்கு 1,411 கிலோபிட் தகவல் இருக்கிறது. அதையே 128 கிலோபிட் எம்பி3 பைலாக மாற்றும்போது பத்தில் ஒரு பங்குக்கும் குறைவாகச் சுருக்கிவிடுகிறோம். காதுக்குத் தெரியாது என்று கணக்கிட்டு நீக்குகிறார்கள். நல்ல ஹெட்போனில் அந்த வெட்டுக் காயம் சில இடங்களில் தெரியும்.

எவ்வளவு தெரியும்? சோதித்துப் பார்த்தேன். ஃபூபார்2000 என்ற இலவச பிளேயரில் ஏ.பி.எக்ஸ். என்ற வசதியைச் சேர்த்துக்கொள்ளலாம். எது எந்தப் பைல் என்று சொல்லாமல் போட்டுக் காட்டிக் கண்டுபிடிக்கச் சொல்லும். என்னிடமிருந்த சிடியிலிருந்து எடுத்த முழுத் தரப் பைலையும் 128 கிலோபிட் எம்பி3யையும் வைத்து 16 முறை கேட்டதில் 13 சரி. அடுத்து 320 கிலோபிட். 16-க்கு 9. காசைச் சுண்டிப் போட்டாலும் ஏறக்குறைய அவ்வளவு வரும்! அதனால் லாஸ்லெஸ் பைல்தான் வேண்டும் என்று ஹார்ட் டிஸ்க்கை நிரப்ப வேண்டியதில்லை. உயர்ந்த பிட்ரேட்டில் முறையாக வாங்கிய பைலோ, தரத்தை உயர்வாக வைத்த ஸ்ட்ரீமிங் சேவையோ போதும். பழைய பென் டிரைவில் இருக்கும், பத்துக் கை மாறிய பாட்டுகளைப் போட்டுவிட்டு ஹெட்போனைக் குறை சொல்லாதீர்கள்.

300 ஓம் போன்ற மின்தடை அதிகமான மாடல்களுக்கு லேப்டாப்பின் சாக்கெட் சில சமயம் போதாது. அதற்குப் பெரிய ஆம்ப்ளிஃபயர் தேடாதீர்கள். யு.எஸ்.பி.யில் செருகும் சிறிய டி.ஏ.சி. போதும். ஆனால் வீட்டு உபயோகத்துக்கு 32, 38, 80 ஓம் மாடல்களே வசதி. எதையும் கூடுதலாக வாங்காமல் நேரடியாகச் செருகிக் கேட்கலாம்.

அப்பா கேட்டது

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, அப்பாவை உட்காரவைத்து ஹெட்போனை மாட்டிவிட்டேன். அவருக்குப் பிடித்த ஒரு பழைய பாட்டைப் போட்டேன். ஆயிரக்கணக்கான முறை அவர் மைக் செட்டில் ஓடிய பாட்டு. முகம் மலர்ந்துவிட்டது.

"ஏல, வயலின் இந்தப் பக்கம் வருது, புல்லாங்குழல் அந்தப் பக்கம் போகுது. இத்தன வருசம் போட்டிருக்கேன், இப்படிக் கேட்டதில்லய!"

குழாய் ஸ்பீக்கரில் இடது, வலது எல்லாம் ஒன்றாகிவிடும். ஸ்டீரியோவில் பதிவான பாட்டை வாழ்நாள் முழுக்க ஒற்றைக் குழாயில் கேட்டவர் அவர். எனக்குப் பெருமையாக இருந்தது. வாங்கிய பணம் செரித்துவிட்டது என்று நினைத்தேன். பாட்டு முடிந்ததும் கழற்றிக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"எல்லாம் நல்லாத்தான் இருக்கு. அந்தச் சலங்கைச் சத்தத்தக் காணுமே. நம்ம பழைய டேப் ரெக்கார்டர்லயே கேக்குமே. இவ்வளவு ரூவா குடுத்திருக்க, அது இல்லங்கேன்."

நான் வாங்கி மாட்டிப் பார்த்தேன். பல்லவி முழுக்கச் சலங்கை கேட்கிறது. தெளிவாக, இடது பக்கத்தில்.

இன்டர்நெட்டில் குறிப்பிட்ட சுருதியில் 'பீப்' ஒலி எழுப்பும் இலவசக் கருவி கிடைக்கும். வால்யூமைக் குறைவாக வைத்து ஒவ்வொன்றாகப் போட்டேன். 1,000 ஹெர்ட்ஸ், கேட்கிறது என்று கையைத் தூக்கினார். 2,000, தூக்கினார். 4,000-க்கு வால்யூமைக் கூட்ட வேண்டியிருந்தது. 6,000 ஹெர்ட்ஸில் அது வீறிட்டுக்கொண்டிருந்தது, வெளியே நின்ற எனக்கே கேட்டது. அப்பா என்னைப் பார்த்து, "இன்னும் போடலியா?" என்று கேட்டார்.

அடுப்படியிலிருந்து வந்து பார்த்துக்கொண்டிருந்த அம்மா சொன்னார்: "டிவியை இவ்வளவு சத்தமா வைக்காதீங்கன்னு ரெண்டு வருசமாச் சொல்லுதேன். யாரு கேட்டா?"

அது வெறும் வீட்டுச் சோதனை. முறையான பரிசோதனைக்குக் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் அழைத்துப் போனோம். ஆடியோகிராம் எடுத்தார்கள். நுனிச்சத்தங்களைக் கேட்கும் திறன் இரண்டு காதிலும் குறைந்திருக்கிறது, இடது காதில் அதிகம். வயதும் ஒரு காரணம், வேலையும் ஒரு காரணம் என்றார் மருத்துவர். குழாய்க்குப் பக்கத்தில் நின்று 'ஹலோ, மைக் டெஸ்டிங்' சொன்ன முப்பது ஆண்டுகள். போனது திரும்பாது என்பதையும் சொல்லிவிட்டார்.

ஏன் திரும்பாது?

உள்காதில் நுண்ணிய முடி போன்ற செல்கள் இருக்கின்றன. ஒலி அதிர்வை நரம்புக்கு எடுத்துச் செல்வது அவைதான். அளவுக்கு மீறிய சத்தம் அவற்றை அழிக்கிறது. நகம், முடிபோல அவை மறுபடி வளர்வதில்லை. சத்தத்தால் வரும் பாதிப்பு பெரும்பாலும் 3,000 முதல் 6,000 ஹெர்ட்ஸ் பகுதியில் முதலில் தெரியும். சலங்கையும் ஜால்ராவும் வாழ்வது அந்தப் பகுதியில்தான். ச, ஸ, ஷ போன்ற எழுத்துகளைப் பிரித்துக் காட்டும் ஒலிகளும் அங்கேதான் இருக்கின்றன. அதனால்தான், "சத்தம் கேட்குது, என்ன சொல்றாங்கன்னுதான் புரியல" என்று பெரியவர்கள் சொல்கிறார்கள். வலி இல்லாமல், தெரியாமல் போகும் நஷ்டம் இது. தன் காதில் குறை என்று அப்பா நினைக்கவே இல்லை. ஹெட்போனில் குறை என்றுதான் நினைத்தார்.

அன்றிரவு என் கணக்கைப் போட்டுப் பார்த்தேன். அப்பா வேலை பார்த்தது வாரத்துக்கு ஒன்றிரண்டு விசேஷம். நான் கோடு எழுதும்போது தினமும் ஆறு மணி நேரம் காதில் மாட்டியிருக்கிறேன். பழைய ஹெட்போனை மாட்டிய நாட்களில், இரவு படுத்ததும் காதில் 'ங்' என்று ஓர் ஒலி ஓடியதும் நினைவுக்கு வந்தது.

சத்தத்துக்கும் ஒரு பட்ஜெட்

தொழிலிடங்களுக்கு அமெரிக்காவின் நியோஷ் நிறுவனம் தரும் பரிந்துரை: 85 டெசிபல் சத்தத்தில் ஒரு நாளைக்கு 8 மணி நேரம். அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும். 88-இல் 4 மணி நேரம், 91-இல் 2 மணி நேரம், 94-இல் 1 மணி நேரம், 100 டெசிபலில் வெறும் 15 நிமிடம். பாட்டு கேட்பவர்களுக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்வது இன்னும் எளிது: 80 டெசிபல் என்றால் வாரத்துக்கு 40 மணி நேரம் வரை. சத்தம் கூடினால் நேரத்தைக் குறைக்க வேண்டும்.

நம் நாட்டில் 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளில் குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55, இரவில் 45 டெசிபல் என்று அளவு இருக்கிறது. தெருவில் வைக்கும் ஸ்பீக்கருக்குக் கேட்க ஆள் இருக்கிறது. காதை மூடி நாமே வைத்துக்கொள்ளும் ஸ்பீக்கருக்கு யார் கேட்பது?

நல்ல ஹெட்போன் உண்மையில் பயன்படும் இடம் இதுதான் என்பது என் கருத்து. அதன் பெருமை சத்தமாகப் பாடுவதில் இல்லை. குறைந்த சத்தத்திலும் எல்லாவற்றையும் கேட்க வைப்பதில் இருக்கிறது. முப்பதாயிரம் கொடுத்து வாங்கி, அதில் வால்யூமை முழுதாக ஏற்றிக் கேட்பவர் பணத்தையும் காதையும் சேர்த்து இழக்கிறார். சில ஆண்டுகளில் அவர் காதுக்கு முப்பதாயிரமும் ஒன்றுதான், முந்நூறும் ஒன்றுதான்.

ஒரு செய்தி சொல்கிறேன். சென்ஹைசரின் வீட்டு உபயோக ஆடியோ பிரிவை 2022-இல் வாங்கியது சுவிட்சர்லாந்தின் சோனோவா. காது கேட்கும் கருவிகள் தயாரிக்கும் நிறுவனம் அது! இரண்டு பொருளும் ஒரே காதுக்குத்தான். எதை முதலில் வாங்கப் போகிறோம், எதை எப்போது வாங்கப் போகிறோம் என்பது பெருமளவு நம் கையில், அதாவது வால்யூம் பட்டனில் இருக்கிறது.

கம்ப்யூட்டரில் செய்ய வேண்டியவை

1. அமைதியான நேரத்தில் வால்யூமைச் சரிசெய்து, அந்த எண்ணைக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள். ஃபேன் போட்ட பிறகோ, தெருவில் சத்தம் வந்த பிறகோ அதைத் தாண்டாதீர்கள்.

2. ஓபன் பேக் என்றால் ஒரு கை தூரத்தில் இருப்பவர் சாதாரணமாகப் பேசுவது கேட்க வேண்டும். கேட்கவில்லை என்றால் சத்தம் அதிகம்.

3. விண்டோஸ் 11-இல் செட்டிங்ஸ், சிஸ்டம், சவுண்ட் சென்று உங்கள் ஹெட்போனைக் கிளிக் செய்திடவும். கிடைக்கும் விண்டோவில் 'ஆடியோ என்ஹான்ஸ்மென்ட்ஸ்' என்று இருந்தால் ஆஃப் செய்துவிட்டுக் கேட்டுப் பாருங்கள். செயற்கையாகத் தூக்கிவைத்த பேஸ் போய்விடும்.

4. அதே விண்டோவில் இடது, வலது காதுகளுக்குத் தனித்தனி வால்யூம் இருக்கும். வீட்டில் ஒரு காது மந்தமானவர்கள் இருந்தால் செட்டிங்ஸ், ஆக்சஸிபிலிட்டி, ஆடியோ சென்று 'மோனோ ஆடியோ'வை ஆன் செய்திடவும். இரண்டு பக்க ஒலியும் சேர்ந்து ஒவ்வொரு காதிலும் கேட்கும். எதுவும் விட்டுப் போகாது.

5. ஒரு மணி நேரம் கேட்டால் பத்து நிமிடம் கழற்றி வையுங்கள். கேட்டு முடித்ததும் காதில் இரைச்சல் இருந்தால் அன்றைக்குச் சத்தம் அதிகம் என்று பொருள். இரைச்சல் நீடித்தால் மருத்துவரைப் பாருங்கள்.

ஆக, வாங்கலாமா?

வாங்கலாம். ஆனால் கடைசியாக வாங்குங்கள். முதலில் ஒரு முறை காதைச் சோதித்துக்கொள்ளுங்கள், முக்கியமாக வீட்டில் ஐம்பது வயதைத் தாண்டியவர்களுக்கு. ஹெட்போன் விலையில் ஒரு சிறு பங்கு செலவு, அரசு மருத்துவமனையில் அதுவும் இருக்காது. அடுத்து, வீட்டில் ஓர் அமைதியான நேரத்தைக் கண்டுபிடியுங்கள். அடுத்து, நல்ல பைல்கள். இவ்வளவும் சேர்ந்த பிறகு, ஐந்தாயிரமோ பத்தாயிரமோ கொடுத்து, நீங்களே நிதானமாக மாட்டிக் கேட்டுப் பார்த்து ஒரு ஹெட்போன் வாங்குங்கள். அதற்குப் பிறகும் ஆசை இருந்து, பணமும் இருந்தால் முப்பதாயிரத்துக்குப் போகலாம். நான் வாங்கியதற்காக இன்று வருத்தப்படவில்லை. அது இல்லாவிட்டால் அப்பாவின் காதை நாங்கள் இன்னும் சில ஆண்டுகள் கவனித்திருக்க மாட்டோம்.

முதலில் முரண்டு பிடித்த அப்பா, ஆறு மாதமாகக் காது கேட்கும் கருவி போட்டுக்கொள்கிறார். சலங்கைச் சத்தம் முன்பு போல வரவில்லை, ஏதோ தூரத்தில் கேட்கிறது என்கிறார். ஆனால் அக்கா மகள் போனில் பேசுவது இப்போது புரிகிறது. "பிள்ள என்ன சொல்லுதுன்னு ஒண்ணும் வெளங்காமலே சிரிச்சிட்டு இருந்தேன்" என்று போன வாரம் சொன்னார்.

நான் இப்போதும் காலை ஐந்து மணிக்குக் கேட்கிறேன். வால்யூம் நூற்றுக்கு முப்பதைத் தாண்டுவதில்லை. சலங்கை நன்றாகவே கேட்கிறது. உங்களுக்கும் கேட்கிறதா என்று இன்றைக்கே சோதித்துப் பாருங்கள்.